இரண்டரை நாள் சுற்று

எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் எனக்குக் கடல் ஆபீசர் என்று பெயர். அதில் இரண்டு தப்பு. நான் ஆபீசர் இல்லை, பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் ஆள். கடலையும் நான் அவ்வளவாகப் பார்த்தது கிடையாது. வங்காள விரிகுடாவில் அங்கங்கே நிறுத்தி வைத்திருக்கிற மிதவைகள் மூன்று மணிக்கு ஒரு தரம் எண்களை அனுப்பும். காற்று இவ்வளவு, தண்ணீரின் சூடு இவ்வளவு, நீரோட்டம் இந்தப் பக்கம் இவ்வளவு என்று. அதைச் சரிபார்த்து, கோணலாக வந்த எண்ணை அடித்துவிடுவது என் வேலை. சென்னையில் ஏசி அறையிலும் செய்யலாம், ஊரில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நாற்காலி போட்டும் செய்யலாம். அந்தக் கார்த்திகை மாதம் என் அம்மா காசியம்மாளுக்குக் கள்ளக்குறிச்சியில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நிஜமாகவே கடலுக்குப் போகிறவன் அஜித்குமார். அவன் ஊர் வெள்ளிமலைக்கும் மேலே. கள்ளக்குறிச்சியில் படித்தபோது அவன் ஹாஸ்டல், நான் பஸ், ஆனால் ஆறு வருஷமும் ஒரே பெஞ்சு. மலையில் சாமையும் மரவள்ளியும் நாலைந்து மாசத்துக்கு வேலை கொடுக்கும், மீதி மாசத்துக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கேரளாவுக்குப் போனான், பெங்களூருக்குப் போனான், கடைசியில் யாரோ சொல்லிக் கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகில் ஏறினான். முதல் மாசம் முழுக்க வாந்தி. "டேய் சயின்டிஸ்ட்டு, மலைய வுட்டு எறங்கக் கூடாதுடா மனுசன்" என்று போனில் புலம்பினான். அப்புறம் பழகிவிட்டது. மீனை போட்டோ பிடித்து அனுப்பி, இதுக்கு இன்னா பேரு சொல்லு என்பான். எனக்குத் தெரியாது. நீயெல்லாம் ஒரு கடல் ஆபீசு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கிண்டல் செய்வான்.

அந்த வருஷப் புயல் ரொம்ப சோம்பேறி. கடலில் ஒரே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு நாள் நின்று சுற்றியது. பிறகு கரையேறி எங்கள் பக்கம் இருந்த மக்காச்சோளத்தை எல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனது. ஒரு வாரத்தில் வெயில் வந்தது. ஜனங்கள் கணக்கெடுக்க வருகிற அதிகாரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நமக்குப் புயல் முடிந்துவிட்டது. கடலுக்கு முடியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கூழ் காய்ச்சும்போது துடுப்பால் கிண்டினால் அடியில் இருப்பது மேலே வரும், துடுப்பை எடுத்த பிறகும் கூழ் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடலிலும் அதுதான் நடக்கிறது. கீழே கிடக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. என் மிதவையில் மேல்தண்ணீரின் சூடு இருபத்தொன்பதிலிருந்து இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. காற்று தள்ளிவிட்ட தண்ணீர் காற்று போன பிறகும் நிற்காது. பூமி சுழல்வதால் நேராகவும் போகாது, வட்டம் போடும். நம் பக்கத்துக் கடலில் ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நாள் ஆகும். மூன்று வாரத்தில் மெல்ல அடங்கும். மேலே வானம் நீலமாக இருக்கும், காற்றே இருக்காது, அடியில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும்.

புயல் போன எட்டாம் நாள், சனிக்கிழமை, அஜித் போன் செய்தான்.

"இங்க எல்லாரும் மீனு கம்மின்னு படுத்துக்கினு இருக்காங்கடா. நீ இன்னா சொல்ற?"

நான் சொன்னேன். அடியிலிருந்து வந்த தண்ணீரில் சத்து இருக்கிறது, வெயில் பட்டதும் பாசி பிடிக்கும், அதைத் தின்னச் சின்னது வரும், சின்னதைத் தின்னப் பெரிசு வரும் என்று விளக்கமாகச் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. அன்றைய செயற்கைக்கோள் படத்தில் கடலூருக்குக் கிழக்கே அறுபது கிலோமீட்டரில் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது, அதை வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சயின்டிஸ்ட்டுன்னா சயின்டிஸ்ட்டுதான்டா" என்று பதில் வந்தது. எனக்கு மனசு குளிர்ந்து போனது. இத்தனை வருஷத்தில் என் வேலையால் ஒருவனுக்குப் பிரயோஜனம் உண்டு என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை கண்ணகி வந்தாள். அஜித்தின் பெண்டாட்டி. வெள்ளிமலையில் முதல் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மாறி, ஊரில் இறங்கிக் கடல் ஆபீசர் வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறாள். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணகி அம்மாவிடம் கண் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அவரு திங்கக்கெழம வெடிகாலம் போனாரு. செவ்வாக்கெழம சாயங்காலம் வரணும். இன்னும் வரல."

படகில் மூன்று பேர். ஓட்டுகிறவன் கவியரசன், வயதானவர் செல்லமுத்து, அஜித். நான் அனுப்பிய பச்சைத் திட்டைத் தேடிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். படத்தை அஜித் துறைமுகத்தில் எல்லாருக்கும் காட்டினானாம், என் ஃப்ரெண்டு அனுப்புனது என்று.

அய்யனார் என்கிற இன்னொரு படகுக்காரரின் நம்பரைக் கண்ணகி காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அய்யனார் அவர்களைப் பார்த்திருக்கிறார். ஜிபிஎஸ்ஸில் குறித்த இடத்தையும் சொன்னார். இன்னொரு தபா வலை போட்டுட்டு வந்துர்றோம் என்றார்களாம். அதற்கப்புறம் இன்ஜின் படுத்திருக்க வேண்டும். அங்கே போன் எடுக்காது.

"தண்ணி எவ்ளோ இருக்கும்ங்க?"

"இருவது லிட்டரு கேனு ஒன்னு, அப்புறம் பாதி கேனு. அதுல ரெண்டு நாளு ஏற்கனவே ஓடிப்போச்சி. சிக்கனமா குடிச்சா சனி ஞாயிறு வரைக்கும் தாங்கும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கண்ணகியிடம் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். என் மிதவை அந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்பது அதில் தெரிந்தது. முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம், கடிகார முள் போகிற திசையில். அதற்கு மேலே தெற்கு நோக்கி ஒரு இழுப்பு. கார்த்திகையில் கரையோரத் தண்ணீர் தெற்கே போவது வழக்கம்தான். இரண்டையும் சேர்த்தால் வட்டம் மூடாது, இழுத்துவிட்ட ஸ்பிரிங் போல ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தெற்கே நகர்ந்துகொண்டே போகும். இதை நான் அன்றைக்குப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

ஏற்கனவே படகைத் தேட ஆரம்பித்திருந்த கடலோரக் காவல் படையின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். ஒருவர் எடுத்தார். தண்ணீர் வட்டம் போடுகிறது, அதனால் கரையோரமாகத் தேடாதீர்கள், வெளியே தேடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கேயிருந்து பேசுகிறாய் என்றார். சொன்னேன்.

"கள்ளக்குறிச்சியில ஒக்காந்துக்கினு எங்களுக்குக் கடலு சொல்லித் தரியா தம்பி? இந்த மாசத்துல தெக்கால தான் போவும். பச்சப் புள்ளைக்குத் தெரியும். பிளேன் தெக்கால தான் போயிருக்குது. வேணும்னா மெயில் போடு."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் எதிராளி சொன்ன எதுவுமே சரியாக இருக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அதற்காக அம்மாவிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் என் மேலதிகாரி ஜீவா மேடத்துக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷி. "நம்ம ஆபீஸ் இத நேரடியா சொல்ல முடியாது செழியன். நீ எழுதி அனுப்பு, எனக்குத் தெரிஞ்சவங்களுக்குத் தள்ளி விடறேன்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களால் ஆகாது.

எழுதி அனுப்ப வரைபடம் போட உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வட்டத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் மொத்த நீரோட்டத்தின் சராசரியை முதலில் கழித்துவிடுவோம். கழித்தால் தெற்கு இழுப்பு போய்விடும், வட்டம் மட்டும் அழகாக நிற்கும். நானும் கழித்தேன். அழகாக ஒரு வட்டம் வந்தது, புறப்பட்ட புள்ளியிலேயே வந்து மூடியது. கழித்ததைக் கடைசியில் திரும்பக் கூட்ட வேண்டும். கை அந்த இடத்துக்குப் போயிற்று. 'தெக்கால தான் போவும்' என்ற அந்தக் குரல் காதில் கேட்டது. அந்த இழுப்பு மிதவை இருக்கிற இடத்தில் மட்டும் இருக்கலாம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்குமா என்பது என்ன நிச்சயம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கூட்டாமல் அப்படியே மெயிலில் அனுப்பினேன்.

கண்ணகி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா அண்ணா?"

"தண்ணி சுத்துற வழிம்மா. இங்க கெளம்பி, இப்படியே சுத்தி, ரெண்டரை நாள்ல இங்கியே வரும்."

அவள் திரையில் அந்த வட்டத்தை விரலால் ஒரு தடவை சுற்றி வந்தாள். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எங்க ஊருல மாடு தொலைஞ்சா அப்படித்தான் அண்ணா. காட்டுல சுத்திக்கினே இருக்கும், ஆனா கடைசியா மேஞ்ச எடத்துக்கு எப்படியும் வரும். தேடுறவங்க தேடுவாங்க. ஒரு ஆளு மட்டும் மாடு நக்குறதுக்குக் கல்லுப்பு வச்சிக்கினு அந்த எடத்துலயே ஒக்காந்திருக்கும். அந்த எடத்த வுட்டு எழுந்திரிக்கவே கூடாது. யாராச்சும் அங்க போயி நின்னா போதும் இல்ல?"

எனக்குத் தெரிந்தது கணக்கு. அவளுக்குத் தெரிந்தது மாடு. இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அய்யனார் பார்த்த செவ்வாய் காலை ஆறிலிருந்து எண்ணினால் வியாழன் மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று முடியும், அதற்குள் யாரும் போய்ச் சேர முடியாது. அடுத்தது ஞாயிறு காலை ஆறு மணி. அதற்குள் போகலாம்.

அய்யனார் ஏற்கனவே கிளம்பத் தயாராக இருந்தார். தங்கள் ஆளைத் தேடத் துறைமுகத்துக்காரர்கள் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. டீசலும் ஐஸ் பெட்டி நிறைய தண்ணியும் ஏற்றிவிட்டார்.

"தெக்கால போய் அப்படியே வெளிய வளைச்சிப் பாக்கலாம்னு இருக்கறோம் தம்பி. தண்ணி அப்படித்தான் இழுக்குது."

"வேணாம்ங்க. நீங்க பாத்த எடத்துக்கே போங்க. அங்கியே நில்லுங்க. ஞாயித்துக்கெழம காலையில வரைக்கும் அந்த எடத்த வுட்டு நவுராதீங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

என் வாயால் சொன்னேன். படித்தவன், கடல் ஆபீசில் இருக்கிறவன் சொல்கிறான் என்று அவர் சரி என்றார். முப்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷர்.

கண்ணகி எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மலையில் சிக்னல் கிடைக்காது, இங்கே இருந்தால் சேதி உடனே தெரியும் என்று அம்மாதான் நிறுத்திக்கொண்டாள். சும்மா உட்காரத் தெரியாத பெண். வெள்ளிக்கிழமை முழுக்க அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், நனைந்த மக்காச்சோளத்தைப் பிரித்து வெயிலில் போட்டாள். அங்கே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்ற தைரியம் அவளுக்கு. சாயங்காலம் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். கல்யாணமான புதுசில் அஜித் கடலிலிருந்து ஒரு நண்டை உயிரோடு கொண்டுவந்தானாம். மலையில் அதைப் பார்க்க ஊரே கூடியதாம், கடைசியில் சமைக்க மனசு வராமல் ஓடையில் விட்டுவிட்டார்களாம். அது செத்துத்தான் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல மிதவை எண்களைத் திறந்தேன். ஐந்து நாள் எண்களைச் சேர்த்து, எதையும் கழிக்காமல், அப்படியே ஒரு கோடாகப் போட்டேன். கோடு சுற்றியது. சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு சுற்றும் தெற்கே முப்பது கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. பக்கத்தில் கரையோரம் இருந்த இன்னொரு மிதவையைத் திறந்தேன். அதிலும் அதே இழுப்பு. கணக்கில் எந்தக் குழப்பமும் இல்லை. இந்நேரம் அஜித்தின் படகு அய்யனார் நிற்கிற இடத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்காரரிடம் பாதிக் கணக்கு இருந்தது, என்னிடம் பாதி இருந்தது. அவர் கரையோரமாகத் தெற்கே தேடினார், நான் வெளியே வடக்கே ஆள் நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவில் மூன்று பேர் தாகத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

அய்யனாருக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பப் போட்டேன். அன்றைக்கு நான் அந்த நம்பரை எத்தனை தடவை போட்டேன் என்று போனில் இன்னும் இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்ததில்லை. துறைமுகத்தில் வேறு யார் வீட்டுக்காவது சொல்லி இன்னொரு படகை அனுப்பலாம் என்று பார்த்தேன். போகக்கூடியவர்கள் எல்லாம் ஏற்கனவே போய்த் தேடிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். கட்டுப்பாட்டு அறையில் வேறொருவர் எடுத்தார். அந்தப் பழைய ஆளுக்கு அன்று டியூட்டி இல்லை.

"சார், தெற்கேதான் சார். அவர் சொன்னதுதான் சரி. கரையோரம் இல்ல, அறுபது எழுபது கிலோமீட்டர் வெளிய பாருங்க சார்."

"மெயில் அனுப்பியிருக்கீங்களா?"

"வியாழக்கிழமை அனுப்பினேன் சார்."

அவர் தேடிப் பார்த்தார். "இருக்குங்க. ஆனா அதுல வேற எடம் போட்டிருக்கீங்களே."

புது இடத்தைப் போட்டு அனுப்பினேன். பிளேன் வேறு வேலைக்குப் போயிருக்கிறது, வந்ததும் மேலே சொல்கிறோம் என்றார்கள். ஜீவா மேடம் நாலு பேருக்குப் போன் போட்டார்கள். சனிக்கிழமை. நாலு பேரில் ஒருத்தர்தான் எடுத்தார்.

கொட்டகைப் பக்கமிருந்து வீட்டுக்குள் வந்தேன். கண்ணகி அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு காலையில ஆறு மணிக்குத் தான அண்ணா?"

"ஆமாம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஒரு தரம் எண்கள் வந்தன. ஒவ்வொரு தரமும் அவன் இப்போது எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு துல்லியமாக ஒருவன் இருக்கும் இடம் தெரிந்தும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வழி இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாடு என்னைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. எழுந்து அதை ஓங்கி ஒரு அடி அடித்தேன். வாயில்லா ஜீவன், அது என்ன செய்தது எனக்கு.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்ணகி குளித்துவிட்டு வந்து என் போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏழு ஆனது, ஒன்பது ஆனது. கரைக்குக் கிட்ட வந்தால்தான் சிக்னல் கிடைக்கும், சாயங்காலம்தான் பேச முடியும் என்று நானே சமாதானம் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அய்யனார் பேசினார்.

"யாரும் வரல தம்பி. நீ சொன்ன எடத்த வுட்டு நவுரல நாங்க. நிக்கவே வுடல தண்ணி, தெக்கால இழுத்துக்கினே இருந்தது. மணிக்கு ஒரு தபா இன்ஜின் போட்டு ஏறி ஏறி வந்து அங்கியே நின்னோம். டீசலு தீந்துபோச்சி. அதான் வந்துட்டோம்."

தண்ணீர் இழுத்த திசையிலேயே அவரைப் போகவிட்டிருந்தால் அஜித்திடம் போய்ச் சேர்ந்திருப்பார். என் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் அதை எதிர்த்து ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை தரங்கம்பாடிக்கு நேர் வெளியே காரைக்கால் பக்கத்துப் படகு ஒன்று அவர்களைப் பார்த்தது. சனிக்கிழமை நான் போட்ட கோடு அந்த இடத்துக்குப் பத்து கிலோமீட்டர் பக்கத்தில்தான் போகிறது. கவியரசனும் செல்லமுத்துவும் உயிரோடு இருந்தார்கள். அஜித் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்விட்டான். செல்லமுத்து வயதானவர் என்று தன் பங்குத் தண்ணீரை அவருக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். தாங்க முடியாமல் சனிக்கிழமை கடல் தண்ணீரைக் குடித்திருக்கிறான். கடலில் பிறந்து வளர்ந்தவன் எவனும் அதைச் செய்ய மாட்டான். மலையில் ஓடையைக் கண்டால் குனிந்து குடித்துப் பழகியவன். ஆஸ்பத்திரியில் கவியரசன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பயப்படாதீங்கடா, என் ஃப்ரெண்டு கடலு ஆபீசுல இருக்கான், எப்படியும் நாம இருக்கிற எடத்தக் கண்டுபுடிச்சிருவான்னு சொல்லிக்கினே இருந்தான் அண்ணா." கவியரசன் என் ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னான்.

வெள்ளிமலைக்கு மேலே ஆம்புலன்ஸ் போகிற வரைக்கும் போனது, அப்புறம் ஜீப், அப்புறம் தோள். நானும் ஒரு பக்கம் தூக்கினேன். அடக்கம் முடிந்தும் நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் பால் தெளிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. வந்து போகிற ஒவ்வொருவரிடமும் கண்ணகி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தெக்கால தேடப் போறேன்னு கெளம்புனவர நான் தான் மாட்டு கதைய சொல்லி நிறுத்திட்டேன் என்று. அழாமல், ஊர்ச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அஜித்தின் அம்மா சடங்கு முடிகிற வரைக்கும் மருமகள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கிழவர் என் எதிரிலேயே, பொம்பள பேச்சுக்குக் கடலு கட்டுப்படுமா என்றார்.

கண்ணகியை வேலி ஓரமாகக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதால இல்லம்மா. தெக்கால எவ்ளோ இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். கணக்குல இருந்தது. நான் தான் எடுத்துட்டேன். ஒரு ஆளு மேல இருந்த கோவத்துல திரும்ப சேக்கல. சனிக்கெழம காலையிலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நீ பூண்டு உரிச்சிக்கினு இருந்த. நான் உங்கிட்ட சொல்லல."

போனை எடுத்து இரண்டு படத்தையும் காட்டினேன். மூடின வட்டம் ஒன்று, மூடாத கோடு ஒன்று. மூடின வட்டத்தில் இருந்த வியாழக்கிழமை தேதியையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்காக உங்க மேல போட்டுக்கிறீங்க. எனக்குத் தெரியும் அண்ணா. அவரு சொல்லியிருக்காரு, செழியனுக்கு யாராச்சும் அழுதா தாங்காதுன்னு."

"சத்தியமா சொல்றேன் கண்ணகி."

"நீங்க படிச்சவரு. நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்க. நான் தான் பின்னாடி நின்னுக்கினு வாய வச்சேன்."

அஜித்தின் அம்மாவிடம் போனேன். அவளிடமும் சொன்னேன். கிழவரிடமும் சொன்னேன். சராசரி, கழித்தல், கூட்டல் என்று என் வாயிலிருந்து ஏதேதோ வந்தது. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அஜித்தின் அம்மா என் தலையைத் தடவி, "நீ இன்னா பண்ணுவ சாமி, உன்னால ஆனத பண்ண" என்றாள்.

கண்ணகி உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, வெறும் வயிற்றோடு இறங்க வேண்டாம் என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்றாள்.